சத்தம் போடாமல் சாகும் பாதை

சர்வர் அறைக்குள் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு முதல் நாளே ஒரு சர்வரைத் திறந்து காட்டுவேன். பிராசஸர் இருக்கும், மெமரி இருக்கும், விசிறி இரையும். டிஸ்க் இருக்காது. அந்த சர்வரின் ஓ.எஸ். நான்கு ரேக் தள்ளி, ஸ்டோரேஜ் பெட்டி வெட்டிக் கொடுத்த டிஸ்க்காக, அதாவது ஒரு லன்னாக, உட்கார்ந்திருக்கும். பவர் பட்டனை அழுத்தியதும் இந்த இயந்திரம் கண்ணாடி இழை வழியாக அங்கே போய், தன் உயிரை எடுத்துக்கொண்டு எழுந்து நிற்க வேண்டும். ஏழு கடல் தாண்டி, கிளிக்குள் உயிரை ஒளித்து வைத்த மந்திரவாதி கதைதான். கதையில் கிளியிடம் போக ஒரே வழி. நமக்கு அது கட்டுப்படியாகாது. ஒன்று அறுந்தால் இன்னொன்று இருக்கட்டும் என்று 2, 4, 8 வழிகள் போட்டு வைக்கிறோம். மல்டிபாத் என்பது அவ்வளவுதான்.

இந்த வேலையிலேயே தலை நரைத்தவன் நான். கையேடுகளை நீங்களே படித்துக்கொள்வீர்கள். படித்த பிறகும் விழக்கூடிய குழிகள் சில உண்டு. பெரும்பாலானவற்றில் நான் விழுந்து எழுந்திருக்கிறேன்.

1. முதலில், இது வேண்டுமா என்று கேளுங்கள்.

செய்யத் தெரிந்துவிட்டது என்பதற்காகச் செய்யாதீர்கள். விரல் நீள எம்.2 எஸ்.எஸ்.டி. இரண்டை ரெய்டு 1-ஆகப் போட்டு, ஓ.எஸ்.ஸை அதில் வைத்து, டேட்டாவை மட்டும் ஸ்டோரேஜில் வைத்தால் பல இடங்களுக்குப் போதும். பூட்டையும் சானுக்கு, அதாவது ஸ்டோரேஜ் வலைக்கு, கொண்டு போவதற்கு நான் ஒப்புக்கொள்ளும் காரணம் ஒன்றுதான்: சர்வர் செத்தால் அதன் அடையாளத்தை வேறொரு சர்வருக்கு மாற்றி, அதே லன்னில் இருந்து எழுப்பிவிட வேண்டும். சிஸ்கோ யு.சி.எஸ். போன்ற பிளேடு சர்வர்களில் கார்டின் முகவரி, பூட் வரிசை எல்லாவற்றையும் 'சர்வீஸ் ப்ரொஃபைல்' என்று பிளேடுக்கு வெளியே எழுதி வைத்திருப்பார்கள். பிளேடு போனால் ப்ரொஃபைலைக் கழற்றி வேறொன்றில் மாட்டலாம். இந்த வசதி உங்களிடம் இல்லை, வேண்டவும் வேண்டாம் என்றால் எம்.2 வாங்கச் சொல்லுங்கள். மேலதிகாரி முறைப்பார். முறைக்கட்டும்.

2. காகிதத்தில் வரையுங்கள்.

கார்டில் தொடங்கி லன் வரை ஒவ்வொரு பாதையையும் பென்சிலால் வரையுங்கள். வழக்கமான அமைப்பு இது: சர்வரில் இரண்டு ஃபைபர் சேனல் போர்ட். ஒன்று 'ஏ' ஃபேப்ரிக்கின் ஸ்விட்சுக்கு, மற்றது 'பி' ஃபேப்ரிக்கின் ஸ்விட்சுக்கு. ஸ்டோரேஜில் இரண்டு கன்ட்ரோலர். ஒவ்வொன்றில் இருந்தும் ஏ-வுக்கு ஒரு கேபிள், பி-க்கு ஒரு கேபிள். எண்ணினால் ஒரு லன்னுக்கு 4 பாதை. இரண்டு ஃபேப்ரிக்கையும் எந்த இடத்திலும் ஒரு கேபிளால்கூட இணைக்காதீர்கள். ஏ-வில் ஒருவர் கை தவறி அழித்தது பி-க்குப் பரவக் கூடாது என்றுதான் அவற்றைத் தனித்தனியே கட்டுகிறோம்.

வரைந்து முடித்ததும் ஒவ்வொரு புள்ளியிலும் விரலை வைத்து, 'இது போனால்?' என்று கேளுங்கள். இரண்டு போர்ட்டும் ஒரே கார்டில் இருக்கும். இரண்டு கேபிளும் தரைக்கடியில் ஒரே தட்டில் போகும். ஒருமுறை ஓரிடத்தில் புத்தம் புது ஸ்விட்ச் இரண்டு, பளபளவென்று அடுத்தடுத்து மாட்டியிருந்தார்கள். பின்பக்கம் போய்ப் பார்த்தால் இரண்டின் பவர் கேபிளும் ஒரே ஸ்ட்ரிப்பில். முன்வாசலும் பின்வாசலும் உள்ள வீடு, ஆனால் இரண்டுக்கும் ஒரே சந்து வழியாகத்தான் போக வேண்டும். சந்தில் ஒரு மாடு படுத்தால் தீர்ந்தது.

கேபிளின் இரு முனையிலும் பெயர் ஒட்டுங்கள். ஏ-வுக்கு ஒரு நிறம், பி-க்கு ஒரு நிறம். நள்ளிரவில் கழற்றப்போகும் கை உங்களுடையதாக இருக்காது.

3. பெயர்களைக் கையால் தட்டாதீர்கள்.

ஃபைபர் சேனலில் ஒவ்வொரு போர்ட்டுக்கும் டபிள்யூ.டபிள்யூ.பி.என். என்று 16 இலக்கப் பெயர் உண்டு. எண்ணும் எழுத்தும் கலந்து வரும். 8-ம் 'பி'-யும் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும். ஸ்விட்சில் கார்டு லாகின் ஆகும் வரை காத்திருந்து, அங்கே தெரியும் பெயரை அப்படியே நகலெடுத்து, சர்வரின் பெயரும் ஏ அல்லது பி என்பதும் தெரியும்படி ஒரு அலயஸ் வையுங்கள். எந்த போர்ட் எதைப் பார்க்கலாம் என்று ஸ்விட்சில் சோன் போடும்போது ஒரு சோனுக்குள் ஒரு சர்வர் போர்ட் மட்டும். வேலை கூடுகிறதே என்று எல்லா சர்வரையும் ஒரே சோனில் அடைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு கார்டுக்குக் கிறுக்குப் பிடித்தால் அத்தனை பேரும் சேர்ந்து ஆட வேண்டியதுதான்.

அடுத்தது மாஸ்கிங். பூட் லன் ஒரே ஒரு சர்வருக்குத்தான் தெரிய வேண்டும். இரண்டு சர்வர்கள் ஒரே பூட் லன்னை எழுதுவதற்காகத் திறந்தால், ஒன்று எழுதியது மற்றதற்குத் தெரியாது. சில நிமிடங்களில் ஃபைல் சிஸ்டம் கந்தலாகிவிடும். பேக்கப்பைத் தவிர அதற்கு மருந்தில்லை. பூட் லன்னுக்கு எல்லாப் பாதையிலும் ஒரே எண், முடிந்தால் 0, கொடுங்கள். சில பழைய கார்டுகள் 0-வைத் தவிர வேறு எதையும் திரும்பிப் பார்க்காது.

இன்னொன்று. கார்டை மாற்றினால் பெயரும் மாறும். அப்போது ஏ சோன், பி சோன், மாஸ்கிங் என்று மூன்று இடத்தில் கை வைக்க வேண்டும். மற்ற இரண்டில் வைத்துவிட்டு ஒரு சோனை மறந்தாலும் சர்வர் எழுந்துவிடும் என்பதுதான் இதில் உள்ள விஷம். கடைசியில் இதற்குத் திரும்பி வருகிறேன்.

4. ஓ.எஸ். எழும் வரை மல்டிபாத் என்று ஒன்று கிடையாது.

புதியவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இதுதான். மல்டிபாத் கான்ஃபிக் கோப்பை அழகாக எழுதிவிட்டு, இனி எந்தக் கேபிள் போனாலும் கவலையில்லை என்று வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

சர்வர் எழுவது நான்கு கட்டமாக நடக்கிறது. முதலில் ஃபர்ம்வேர்: பயாஸோ யு.இ.எஃப்.ஐ.யோ, கார்டின் ரோமுடன் சேர்ந்து லன்னைத் தேடுகிறது. இரண்டாவது, கிரப் போன்ற பூட்லோடர். அதற்குச் சொந்தக் கண் இல்லை, ஃபர்ம்வேர் கொடுத்த கண்ணால்தான் லன்னைப் படிக்கிறது. மூன்றாவது, கர்னலும் இனிட்ராம்எஃப்எஸ்ஸும் மெமரிக்கு வந்து, டிரைவரை ஏற்றி, எல்லாப் பாதைகளையும் கண்டுபிடித்து, மல்டிபாத் மேப் ஒன்றைக் கட்டுகின்றன. நான்காவது, அந்த மேப்பின் மேல் நிஜமான ரூட் மவுண்ட் ஆகிறது. நீங்கள் எழுதிய கான்ஃபிக் உயிர் பெறுவது மூன்றாம் கட்டத்தில். முதல் இரண்டு கட்டத்திலும் சர்வர் ஒற்றையடிப் பாதையில் நடக்கிறது.

ஆகவே ஃபர்ம்வேருக்கும் மாற்று வழி சொல்லித் தர வேண்டும். கியூலாஜிக் கார்டுகளின் ரோமில் கன்ட்ரோல்-க்யூ அழுத்திப் போனால் பூட் பட்டியலில் முதன்மை ஒன்று, மாற்று மூன்று என்று நான்கு வரிகள் இருக்கும். அநேகமாக எல்லோரும் முதல் வரியை நிரப்பிவிட்டு வெளியே வந்துவிடுவார்கள். அந்த போர்ட்டுக்குத் தெரியும் எல்லா கன்ட்ரோலர் போர்ட்டையும் நிரப்புங்கள். இரண்டு போர்ட்டிலும் பூட்டை இயக்குங்கள். ஏ போர்ட்டில் முதல் வரி ஒரு கன்ட்ரோலர் என்றால் பி போர்ட்டில் முதல் வரி மற்ற கன்ட்ரோலராக இருக்கட்டும்.

யு.இ.எஃப்.ஐ. என்றால் கூடுதலாக ஒரு சங்கதி. பூட் என்ட்ரி லன்னில் எழுதப்படுவதில்லை. மதர்போர்டின் என்விராம் நினைவில் இருக்கிறது. லன்னைப் புது சர்வருக்கு மாற்றினால் அங்கே அந்த என்ட்ரி இருக்காது, திரை கறுப்பாக நிற்கும். பூட் பகுதியில் இ.எஃப்.ஐ. கோப்புறைக்குள் 'பூட்' கோப்புறையில், பொதுப் பெயருள்ள லோடர் ஒன்றையும் வைத்துவிடுங்கள். என்ட்ரி இல்லாத இயந்திரம் அதைத்தான் தேடிப் போகும்.

5. இன்ஸ்டால் செய்யும்போது ஒரே டிஸ்க் பல முறை தெரிந்தால் கையை எடுங்கள்.

4 பாதை திறந்திருந்தால், மல்டிபாத் தெரியாத இன்ஸ்டாலர் ஒரே லன்னை நான்கு டிஸ்க்காகக் காட்டும். ஒரே அளவு, ஒரே மாடல். அதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து இன்ஸ்டால் செய்தால் வேலை முடியும், எழும், ஆனால் ஒற்றைக் காலில் நிற்கும். ரெட் ஹேட் இன்ஸ்டாலர் தானாகவே பாதைகளைச் சேர்த்து மல்டிபாத் டிஸ்க்காகக் காட்டிவிடும். டெபியனில் நீங்கள்தான் பூட் வரியில் மல்டிபாத்தை இயக்கச் சொல்ல வேண்டும். விண்டோஸ் என்றால் வழி வேறு: ஒரே ஒரு பாதையை மட்டும் திறந்து வைத்து இன்ஸ்டால் செய்யுங்கள். எம்.பி.ஐ.ஓ. அம்சத்தைச் சேர்த்து ரீபூட் செய்யுங்கள். பிறகு மற்றப் பாதைகளைத் திறங்கள்.

எதுவானாலும், 'எழுது' என்று சொல்லும் முன் லன்னின் டபிள்யூ.டபிள்யூ.ஐ.டி.யை ஸ்டோரேஜ்காரர் கொடுத்த எண்ணோடு ஒப்பிடுங்கள். லினக்ஸில் அது பெரும்பாலும் 3-இல் தொடங்கும் 33 எழுத்து. அளவை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுத்து, அடுத்த வீட்டு டேட்டாபேஸை ஃபார்மட் செய்தவர்கள் இத்தொழிலில் உண்டு.

6. இனிட்ராம்எஃப்எஸ்ஸை மறக்காதீர்கள்.

நான்காவதில் சொன்ன மூன்றாம் கட்டத்துக்கு வருவோம். ரூட் மவுண்ட் ஆகும் முன்பே மேப் கட்ட வேண்டும் என்றால் அதற்கான சாமான்கள் ரூட்டில் இருந்து பயனில்லை. இனிட்ராம்எஃப்எஸ் என்ற கட்டுச்சோற்று மூட்டைக்குள் இருக்க வேண்டும். மல்டிபாத் கான்ஃபிக், பெயர்களை எழுதி வைக்கும் 'பைண்டிங்ஸ்' கோப்பு, அறிந்த லன்களின் பட்டியலான 'டபிள்யூ.டபிள்யூ.ஐ.டி.ஸ்' கோப்பு மூன்றும் அதற்குள் போக வேண்டும். ரெட் ஹேட் குடும்பத்தில் ட்ராகட் மூட்டை கட்டும். டெபியன், உபுண்டுவில் மல்டிபாத்-டூல்ஸ்-பூட் என்ற தனிப் பொதியை நிறுவினால்தான் மல்டிபாத் மூட்டைக்குள் ஏறும்.

கான்ஃபிக்கில் ஒரு எழுத்தை மாற்றினாலும் மூட்டையைத் திரும்பக் கட்டுங்கள். கட்டாவிட்டால் இன்று ஒன்றும் ஆகாது. சர்வர் இருநூறு நாள் ஓடும். எவரோ ரீபூட் செய்யும் அன்று எழாமல் போகலாம், பழி அவர் தலையில் விழும். மூட்டை கட்டும் முன் பழையதை ஒரு நகல் எடுத்து, கிரப் மெனுவில் அதற்கும் ஒரு வரி வையுங்கள்.

குளோன் செய்பவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். ஒரு மூல சர்வரைத் தயாரித்து, அதன் லன்னை ஸ்டோரேஜிலேயே நகலெடுத்து இருபது சர்வர் உண்டாக்கினோம். எல்லாம் எழுந்தன, மகிழ்ந்தோம். பராமரிப்புக்காக ஒரு நாள் பி ஃபேப்ரிக்கை நிறுத்தி, ஒரே பாதை மிச்சமிருந்த நேரத்தில் ஒரு சர்வர் ரீபூட் ஆனது. எழுந்தும் விட்டது. ஆனால் மேப் இல்லை. எஸ்டிஏ என்ற வெறும் டிஸ்க்கின் மேல் நேராக உட்கார்ந்திருந்தது. தோண்டிப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. 'ஃபைண்ட் மல்டிபாத்ஸ்' இயக்கத்தில் இருந்தால், ஒரு லன்னுக்கு இரண்டு பாதையாவது தெரிய வேண்டும், அல்லது அந்த லன் பட்டியலில் ஏற்கெனவே எழுதப்பட்டிருக்க வேண்டும். அப்போதுதான் மேப் கட்டும். எங்கள் மூட்டைக்குள் இருந்த பட்டியலில் மூல சர்வரின் லன் எண்தான் இருந்தது. இத்தனை நாளும் பாதைகள் எல்லாம் திறந்திருந்ததால் குட்டு வெளிப்படவில்லை. பி ஃபேப்ரிக் திரும்பிய பிறகும் அந்த சர்வரால் மேப் கட்ட முடியவில்லை, ஏனென்றால் டிஸ்க் ஏற்கெனவே பிடியில் இருக்கிறது. இன்னொரு ரீபூட் ஆனது. குளோன் எடுத்த ஒவ்வொன்றிலும் பட்டியலைப் புதுப்பித்து, மூட்டையைத் திரும்பக் கட்டிய பிறகே கையெழுத்துப் போடுங்கள்.

7. எஸ்டிஏ என்ற பெயரை எங்கும் எழுதாதீர்கள்.

எஃப்எஸ்டேப்பில், கிரப்பில், ஸ்க்ரிப்டில், எங்கும். இன்றைய எஸ்டிஏ நாளை எஸ்டிடி ஆகும். யு.யு.ஐ.டி. அல்லது மேப்பின் பெயர் போதும். எல்.வி.எம். இருந்தால் அது மேப்பை மட்டும் பார்க்கும்படி ஃபில்டர் போடுங்கள், 'டூப்ளிகேட் பி.வி.' என்ற எச்சரிக்கை திரையில் வந்தால் அது பாதைகளை நேராக முகர்ந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

8. எவ்வளவு நேரம் காத்திருப்பது என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

ஒரு பாதை போனால் அதைக் கைவிட்டு அடுத்ததற்கு மாற எவ்வளவு நேரம்? எல்லாப் பாதையும் போனால் எவ்வளவு நேரம்? இரண்டும் வேறு வேறு கேள்வி, பதிலும் எதிர் எதிர். முதலாவதில் அவசரம் வேண்டும். மற்றப் பாதைகள் சும்மா நிற்கும்போது செத்த பாதையைப் பிடித்துக்கொண்டு அழுவதில் பயனில்லை. ஃபைபர் சேனலில் 'ஃபாஸ்ட் ஐ.ஓ. ஃபெயில்' நேரம் இயல்பாக 5 விநாடி, அது சரி. சாதாரண நெட்வொர்க் வழியாக ஸ்டோரேஜை எட்டும் ஐஸ்கஸியில் இதற்கு இணையான 'ரீப்ளேஸ்மென்ட் டைம்அவுட்' இயல்பாக 120 விநாடி. மல்டிபாத்துக்கு அது மிக அதிகம். பத்து விநாடியை ஒட்டிக் குறைக்காவிட்டால் கேபிளைப் பிடுங்கியதும் சர்வர் இரண்டு நிமிடம் கல்லாய்ச் சமையும்.

இரண்டாவதில் பொறுமை வேண்டும். கன்ட்ரோலர் ஒன்று விழுந்து மற்றது பொறுப்பேற்கும் இடைவெளியில் எல்லாப் பாதையும் சற்று நேரம் செத்ததுபோலத் தெரியலாம். அப்போது அவசரப்பட்டு 'பிழை' என்று மேலே சொன்னால் எக்ஸ்டி4 தன்னைப் படிக்க மட்டும் என்று பூட்டிக்கொள்ளும், எக்ஸ்.எஃப்.எஸ். கடையையே மூடிவிடும். 'நோ பாத் ரீட்ரை' 12 என்று வைத்தால், 5 விநாடிக்கு ஒரு சோதனை வீதம் சுமார் 60 விநாடி காத்திருக்கும். 'க்யூ' என்று வைத்தால் முடிவில்லாமல் காத்திருக்கும். ரூட் லன்னுக்கு நான் 'க்யூ' பக்கம். ரூட் இல்லாமல் அந்த சர்வர் எதையும் சாதிக்கப் போவதில்லை, பாதை திரும்பி வந்தால் விட்ட இடத்தில் இருந்து தொடரட்டும். கிளஸ்டரில் உள்ள சர்வர் மட்டும் விதிவிலக்கு. அங்கே ஒருவன் தொங்கிக்கொண்டிருப்பதைவிடச் சட்டென்று செத்தால்தான் பக்கத்துக்காரன் பொறுப்பேற்க முடியும்.

மற்ற எண்களுக்கு உங்கள் ஸ்டோரேஜ் நிறுவனத்தின் ஹோஸ்ட் கையேட்டைப் பாருங்கள். வேறொரு நிறுவனப் பெட்டிக்கு எழுதிய கான்ஃபிக்கைக் கொண்டுவந்து ஒட்டாதீர்கள்.

9. ஐஸ்கஸி என்றால் தனியாக நான்கு வார்த்தை.

இரண்டு நெட்வொர்க் கார்டையும் எல்.ஏ.சி.பி. முறையில் ஒன்றாகக் கட்டி ஒற்றைப் பாதை ஆக்காதீர்கள். தனித்தனி சப்நெட், தனித்தனி ஸ்விட்ச், மேலே மல்டிபாத். ஃபர்ம்வேர் தன் முகவரிகளை ஐபிஎஃப்டி என்ற அட்டவணையில் எழுதி ஓ.எஸ்.ஸிடம் ஒப்படைக்கிறது, அதை எடுத்துக்கொள்ளும்படி இனிட்ராம்எஃப்எஸ்ஸுக்குச் சொல்லுங்கள். எம்.டி.யு. 9000 வைத்தால் வழி முழுக்க 9000. துண்டாக்கத் தடை விதித்து 8972 பைட் பிங் போய்த் திரும்பினால்தான் நம்புங்கள். குளோன் எடுத்தால் ஐ.க்யூ.என். பெயரை மாற்றுங்கள், இல்லாவிட்டால் ஒரே பெயரில் இரண்டு பேர் ஸ்டோரேஜ் வாசலில் நின்று ஒருவரை ஒருவர் வெளியே தள்ளுவார்கள். ஐந்தாவதாக ஒன்றும் உண்டு: ஐஸ்கஸியில் பூட் ஆன சர்வரில் நெட்வொர்க் சர்வீஸை ரீஸ்டார்ட் செய்வது உட்கார்ந்திருக்கும் கிளையை வெட்டுவது.

10. செத்த பாதையைவிட நோயாளிப் பாதை கொடியது.

கேபிள் அறுந்தால் மல்டிபாத் சில விநாடியில் மாறிவிடும், நீங்கள் டீ குடித்துவிட்டு வந்து மாற்றலாம். அறுந்தும் அறுபடாமல் இருப்பதுதான் சித்திரவதை. மல்டிமோட் இழையின் ஒளி செல்லும் உட்பகுதி 50 மைக்ரான், தலைமயிரைவிட மெல்லியது. அதன் வாயில் ஒரு தூசி உட்கார்ந்தால் சில ஃப்ரேம் போகும், சில கெடும்.

அப்போது நடப்பதைப் பாருங்கள். மல்டிபாத்தின் சோதகர் 'டெஸ்ட் யூனிட் ரெடி' என்று ஒரு சிறு கட்டளை அனுப்பி, பதில் வந்தால் பாதை நலம் என்று எழுதிக்கொள்கிறது. அந்தக் கட்டளையில் டேட்டா ஒரு பைட்கூடக் கிடையாது. தூசியைத் தாண்டிப் போய்விடும். பின்னால் வரும் பெரிய ரீடு, ரைட் எல்லாம் அடிபடும். பாதை விழும். 5 விநாடி கழித்து சோதகர் தட்டிப் பார்க்கும், 'இருக்கிறேன் ஐயா' என்று குரல் வரும், மறுபடி சேர்க்கும், மறுபடி விழும். வீட்டு வாசலில் நின்று 'யாரது?' என்றால் பதில் சொல்லும் நோயாளியை எழுந்து மூட்டை தூக்கச் சொன்ன கதை. டேட்டாபேஸ்காரர் 'மெதுவாக இருக்கிறது' என்பார். நீங்கள் பார்க்கும் நொடியில் எல்லாம் பச்சையாக இருக்கும்.

ஆகவே ஸ்விட்சைப் பாருங்கள். ப்ரோகேட் ஸ்விட்சில் 'போர்ட்எர்ர்ஷோ' என்ற கட்டளை ஒவ்வொரு போர்ட்டின் பிழை எண்ணிக்கையையும் காட்டும். எண்ணிக்கையை ஒருமுறை பூஜ்யமாக்கி, ஒரு நாள் கழித்துப் பாருங்கள். சி.ஆர்.சி. பிழை ஏறிக்கொண்டே போகும் போர்ட்தான் குற்றவாளி. முதலில் அந்த போர்ட்டை நீங்களே நிறுத்துங்கள். பிறகு கண்ணாடி முனையைத் துடையுங்கள்; அதற்கென்று பேனா போன்ற சாதனம் உண்டு, சட்டை நுனியால் துடைக்காதீர்கள். அடுத்து எஸ்.எஃப்.பி., அடுத்து கேபிள். புதிய மல்டிபாத் பதிப்புகளில் இப்படித் தள்ளாடும் பாதையைத் தனியே ஒதுக்கி வைக்க 'மார்ஜினல் பாத்' அமைப்புகள் உண்டு, பயன்படுத்துங்கள். தூசியை அது துடைக்காது.

11. பிடுங்கிப் பாருங்கள்.

சோதிக்காத இரண்டாவது பாதையை நம்புவது மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்குவது. கேபிளைக் கையால் பிடுங்குங்கள், ஓ.எஸ்.ஸுக்குள் இருந்து இன்டர்ஃபேஸை நிறுத்துவது சோதனை ஆகாது. டிஸ்க்கில் பாரம் ஏற்றி வைத்துவிட்டுப் பிடுங்குங்கள். ஏ-வைப் பிடுங்கி, நிற்கிறதா பாருங்கள். மாட்டுங்கள். எல்லாப் பாதையும் திரும்பி வரும் வரை காத்திருங்கள். பொறுமை இழந்து பி-யை உடனே பிடுங்கி ஒரு சர்வரைக் கொன்றவன் சொல்கிறேன். பிறகு பி. பிறகு ஒரு கன்ட்ரோலர், பிறகு மற்றது.

இதுவரைக்கும் பலர் செய்வார்கள். அடுத்ததைச் செய்பவர்கள் குறைவு: ஏ-வைப் பிடுங்கிய நிலையிலேயே பவரை அணைத்து, முதலில் இருந்து எழுப்புங்கள். பிறகு பி-யைப் பிடுங்கி எழுப்புங்கள். ஃபர்ம்வேர் பட்டியல், என்விராம், மூட்டைக்குள் இருக்கும் லன் பட்டியல் எல்லாவற்றையும் ஒரே அடியில் பிடிப்பது இந்தச் சோதனைதான். ஆறாவதில் சொன்ன இருபது சர்வரில் ஒன்றையாவது அன்று இப்படி எழுப்பிப் பார்த்திருந்தால் எனக்கு அந்த அத்தியாயமே இல்லை. கல்யாண மண்டபத்து ஜெனரேட்டரை முகூர்த்த நேரத்தில்தான் முதன்முதலில் இழுத்துப் பார்ப்பார்கள். நீங்கள் மண்டபக்காரர் ஆகாதீர்கள்.

12. சாகும்போது எழுத வேண்டியதை வெளியே எழுதுங்கள்.

ரூட் போன சர்வரால் லாக் எழுத முடியாது. எழுதும் இடமே அதுதான். லாக் அனைத்தையும் வேறொரு சர்வருக்கு அனுப்புங்கள், சீரியல் கன்சோலையும் இயக்கி வையுங்கள். பாதைகளைக் கவனிக்கும் மல்டிபாத்-டி என்ற டீமன் தன்னை மெமரியில் பூட்டிக்கொள்ளும், ஸ்வாப்புக்குப் போகாது. டிஸ்க் காணாமல் போகும் நேரத்தில் மருத்துவரே அந்த டிஸ்க்கில் தூங்கிக்கொண்டிருக்கக் கூடாது அல்லவா? க்ராஷ் ஆகும்போது மெமரியைச் சேமிக்கும் கேடம்ப்புக்கு என்று தனி இனிட்ராம்எஃப்எஸ் உண்டு. அதிலும் பாதைகள் தெரிகின்றனவா என்று ஒரு செயற்கை க்ராஷ் கொடுத்துப் பார்த்துவிடுங்கள்.

13. கரண்ட் போய் வந்தால் வரிசை தவறாதீர்கள்.

முதலில் ஸ்விட்ச், பிறகு ஸ்டோரேஜின் டிஸ்க் தட்டுகள், பிறகு கன்ட்ரோலர், கடைசியில் சர்வர். ஸ்டோரேஜ் எழ நேரம் பிடிக்கும். சர்வர் முந்திக்கொண்டால் லன்னைக் காணாமல் திரையில் புலம்பிக்கொண்டு நிற்கும். கரண்ட் வந்ததும் தானாக எழும் அமைப்பை சான் பூட் சர்வர்களில் அணைத்து வையுங்கள்.

14. பாதைகளை எண்ணுங்கள்.

மூன்றாவதில் பாதியில் விட்டதைச் சொல்லி முடிக்கிறேன். ஒரு நிறுவனத்தில் ஸ்டோரேஜுக்கு ஃபர்ம்வேர் மேம்படுத்தினோம். ஒரு கன்ட்ரோலர் ரீபூட் ஆகும், மற்றது தாங்கும், பிறகு மாறும். டவுன்டைம் தேவையில்லை என்று எல்லோருக்கும் மெயில் போட்டிருந்தேன். 40 சர்வரில் 39 அசையவில்லை. சம்பளப் பட்டுவாடா நடக்கும் சர்வர் மட்டும் உறைந்து நின்றது. மாதக் கடைசி.

பல மாதங்களுக்கு முன் அதில் ஒரு கார்டு பழுதாகி மாற்றியிருந்தார்கள். புதுப் பெயரை ஸ்டோரேஜில் பதிந்தவர் பி ஃபேப்ரிக் சோனில் பதியவில்லை. ஆக அந்த சர்வர் அத்தனை மாதமும் ஏ-வில் மட்டுமே நடந்தது. ஏ-வில் இரண்டாவது கன்ட்ரோலருக்குப் போகும் கேபிளும் எப்போதோ தளர்ந்திருந்தது. 4 பாதையில் மிச்சம் 1. அந்த ஒன்றும் அன்று நாங்கள் ரீபூட் செய்த கன்ட்ரோலரை நோக்கித்தான் போனது. மானிட்டரிங் திரையில் அந்த சர்வர் கடைசி நொடி வரை பச்சை. ஏனென்றால் நாங்கள் கேட்ட கேள்வி 'டிஸ்க் இருக்கிறதா?', அதற்கு ஒரு பாதை போதும், 'இருக்கிறது' என்றது. பொய் சொல்லவில்லை.

மல்டிபாத் தன் வேலையை ஒழுங்காகச் செய்வதாலேயே இந்த ஆபத்து. முதல் சாவை அது உங்களுக்குத் தெரியாமல் மறைத்துவிடுகிறது. அதற்காகத்தானே அதைப் போட்டோம்? ஆகவே 'இருக்கிறதா' என்று கேட்கும் மானிட்டரிங்கை விட்டுவிட்டு, 'எத்தனை இருக்கின்றன' என்று கேட்கும்படி எழுதுங்கள். 4 இருக்க வேண்டிய இடத்தில் 3 என்றால் அன்றே மணி அடிக்கட்டும். எண்ணிக்கை சரியாக இருந்தாலும் எந்தப் பக்கம் என்று பாருங்கள். 4-ம் ஒரே ஃபேப்ரிக்கில் இருப்பதும் நடக்கும். மேம்படுத்தல், கேபிள் வேலை, ஸ்விட்ச் மாற்றம் எதுவானாலும் தொடங்கும் முன் ஒரு முறை, முடிந்த பின் ஒரு முறை எண்ணி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இன்று ஷிஃப்ட் முடிந்து கிளம்பும் முன் உங்கள் பொறுப்பில் உள்ள ஒரே ஒரு சர்வரில் நுழைந்து, மல்டிபாத் கட்டளைக்கு இரண்டு 'எல்' சேர்த்துக் கொடுங்கள். முன்னுரிமை 50 என்று ஒரு குழு, 10 என்று ஒரு குழு, ஒவ்வொன்றிலும் இரண்டு வரி, நான்கிலும் 'ஆக்டிவ் ரெடி ரன்னிங்' என்று இருந்தால் வீட்டுக்குப் போங்கள். ஒரு வரி குறைந்தாலும் பையைக் கீழே வையுங்கள்.